கவிழ்த்த பீங்கான் தட்டு

என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பிரெஞ்சு ஓட்டலில் சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மவுண்ட் ரோடு பக்கம் பெரிய நட்சத்திர ஓட்டல் ஒன்று. அதற்குள்ளே தனியாக ஒரு பிரெஞ்சு உணவகம். பகல் நேரம்தான். ஆனாலும் திரைகளை இழுத்துவிட்டு மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். ஒரு மூலையில் மூன்று பேர் பியானோவும் வயலினும் அக்கார்டியனும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் அங்கே இருந்தேன். நான் சாப்பிட்டது ஒரு துண்டு ரொட்டி. அதற்குப் பிறகு கம்பெனியில் ‘பிரெஞ்சு சாப்பாடு’ என்பதே எனக்குப் பெயராகிவிட்டது. இன்று எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அன்று பிறந்திராத பையன்கள் கூட வேலைக்குச் சேர்ந்த ஒரே வாரத்தில் அந்தப் பெயரைக் கற்றுக்கொள்கிறார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது.

எண்பதுகளின் கடைசி அது. அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கிரைண்டிங் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். பத்தாவது வரை படித்தவன். கை வேலை நன்றாக வரும், வாய் வராது. நாலு பேர் நிற்கிற இடத்தில் என் பெயரைக் கேட்டாலே பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பேன். யாராவது ஏதாவது சொன்னால் தலை மட்டும் ஆடும். அந்தத் தலை எப்போதும் என்னைக் கேட்காமல்தான் ஆடியிருக்கிறது.

எனக்கும் சேர்த்துப் பேசுவதற்குப் பக்கத்து மிஷினில் ஒருவன் இருந்தான். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். அவன் வீடு கள்ளிக்குப்பத்தில், என் வீடு கொரட்டூரில். எனக்கு லீவு வேண்டுமென்றால்கூட அவன்தான் போய்க் கேட்பான்.

“சார், இவனுக்கு நாளிக்கு லீவு வோணும். பொண்டாட்டிக்குத் தலப்பிரசவம். இவன் வாயத் தொறந்து கேக்கமாட்டான். வெக்கப்படுறான், என்னமோ பிரசவமே இவனுக்குன்ற மாதிரி.”

சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார். நான் தலை குனிந்து நிற்பேன்.

இரண்டு வீட்டுக்கும் பாத்திரங்கள் போய் வந்துகொண்டே இருக்கும். அவன் மனைவி மீன்குழம்பு வைத்தால் ஒரு தூக்கு எங்களுக்கு வரும். அந்தத் தூக்கை என் மனைவி கழுவி, அதில் கொஞ்சம் சுண்டலோ இரண்டு அப்பளமோ வைத்துத்தான் திருப்பி அனுப்புவாள். வீட்டில் ஒன்றுமே இல்லாத நாளில் ஒரு கரண்டி சர்க்கரையாவது போடுவாள். வெறும் பாத்திரமாக எதுவும் போனதில்லை, வந்ததுமில்லை. எல்லா வீட்டிலும் இருக்கிற வழக்கம்தான். அப்போது அதை நான் கவனித்ததுகூடக் கிடையாது.

அந்த வருஷம் கேன்டீன் சாப்பாடு மிக மோசமாக இருந்தது. புதிய கான்ட்ராக்டர். ஒரு நாள் என் நண்பனுடைய கோஸ் பொரியலில் புழு. செத்த புழுகூட இல்லை, நெளிந்தது. நாங்களாக இருந்தால் அதை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டிருப்போம். அவன் தட்டோடு எழுந்து, நேராக மேனேஜர் அறைக்குப் போய், அவர் படித்துக்கொண்டிருந்த ஃபைலின் மேலேயே தட்டை வைத்தான்.

“சார், நீங்க ஒரு வாய் துன்னுங்க. நீங்க துன்னுட்டா நாங்க முந்நூறு பேரும் துன்றோம்.”

ஃபைலில் சாம்பார் கொட்டிவிட்டது. ஒழுங்கீனம் என்று அன்றைக்கே அவனைச் சஸ்பெண்டு செய்தார்கள்.

அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் வரை கம்பெனிச் சோற்றைத் தொடுவதில்லை என்று சங்கத்தில் முடிவானது. கோஷம் கிடையாது, கொடி கிடையாது. பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதியதும் எல்லோரும் கேன்டீனுக்குப் போவோம். வரிசையாக உட்கார்ந்து, முன்னால் இருக்கும் எவர்சில்வர் தட்டை ஒரே நேரத்தில் கவிழ்ப்போம். முந்நூறு தட்டு சிமென்ட் மேஜையில் கவிழும் சத்தம் ஒரு இடி மாதிரி கேட்கும். பத்து நிமிடம் அப்படியே பேசாமல் இருப்போம். பிறகு ஷெட்டுக்குப் பின்னால் போய் வீட்டிலிருந்து கொண்டு வந்ததைச் சாப்பிடுவோம்.

எனக்கு அந்தப் போராட்டம் மிகவும் பிடித்திருந்தது. வாயே திறக்க வேண்டாம் என்பதுதான் காரணம். அவனுக்காக நானும் ஒன்று செய்கிறேன், அதுவும் மற்றவர்களுக்குச் சமமாகச் செய்கிறேன் என்று இருந்தது.

அவன் தினமும் அந்த நேரத்துக்குக் கம்பெனி கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் வந்து நிற்பான், அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காக. சாயந்திரம் நான் வெளியே வந்தால் என் தோளில் அடிப்பான்.

“கேட்டுச்சு மச்சான். ரோட்டுக்கே கேட்டுச்சு. அதுல உன் தட்டு தனியாத் தெரியும் எனக்கு. நீ மட்டும் பொண்ணு பாக்க வந்த மாரி மெதுவா வெப்ப.”

சிரிப்பான். ஆனால் கண் சிரிக்காது. அந்த வேலையை விட்டால் அவனுக்கு வேறு கதி இல்லை. மனைவி, இரண்டு குழந்தைகள், காது கேளாத தகப்பனார். புதன்கிழமை லேபர் ஆபீசில் பேச்சுவார்த்தை என்று நாள் குறித்திருந்தார்கள். அதுவரைக்கும் தட்டுகள் கவிழ்ந்தே இருந்தால் நிச்சயம் சேர்த்துக்கொள்வார்கள் என்று அவன் நம்பினான். நாங்களும் நம்பினோம்.

இந்த நேரத்தில்தான் பிரெஞ்சுக்காரர் ஊருக்குக் கிளம்பினார். புது கிரைண்டிங் மிஷினை நிறுவிக் கொடுக்கப் பிரான்சிலிருந்து வந்த எஞ்சினியர் அவர். நாலு மாதம் என்னோடுதான் வேலை பார்த்தார். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. விரலைக் காட்டிக் காட்டியே மைக்ரான் கணக்கைப் பேசிக்கொள்வோம். சாணைக்கல்லை மாட்டுவதற்கு முன் அதைத் திருப்பி, அடியில் அச்சடித்திருக்கும் எழுத்தை ஒருதரம் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். யார் செய்த கல், எத்தனை வேகம் தாங்கும் என்று தெரியாமல் மாட்டக் கூடாது. நான் மறந்தால் கையில் லேசாக ஒரு தட்டுத் தட்டுவார். கொஞ்ச நாளில் எதை எடுத்தாலும் திருப்பி அடியில் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அதைப் பார்த்து அவர் சந்தோஷப்படுவார். எங்கள் போராட்டம் அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, கேன்டீன் பக்கம் அவர் வந்ததுமில்லை. ஷெட்டுக்குப் பின்னால் நான் சாப்பிடுவதைப் பார்த்து ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் டப்பாவிலிருந்து புளிச்சோறு எடுத்துத் தின்று, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார்.

வியாழக்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

“சனிக்கிழமை சாயந்திரம் அவர் ஃப்ளைட் ஏறுறார். மத்தியானம் நாங்க ஒரு விருந்து வெச்சிருக்கோம். நீ வந்தே ஆகணும்னு அவரே சொல்றார். நல்ல சட்டையா போட்டுட்டு வா.”

என் தலை ஆடிவிட்டது.

வீட்டில் சொன்னபோது என் மனைவி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“போவாத. வயித்து வலின்னு சொல்லிடு. அந்த அண்ணன் ரோட்ல நிக்கிது, நீ போய் அங்க துன்னுட்டு வருவியா?”

“துன்னமாட்டேன். சும்மா உக்காந்துட்டு வந்துடுவேன்.”

“அப்ப அந்த அண்ணனாண்ட சொல்லிட்டுப் போ.”

அதைத்தான் நான் செய்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் அதற்காகவே டீக்கடையில் நின்றேன். அவன் புதன்கிழமையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். லேபர் ஆபீசர் நல்ல மனுஷனாம், கம்பெனிக்காரர்களை விடமாட்டாராம். அவன் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம். நடுவில் நிறுத்தி, நாளைக்கு மேனேஜரோடு விருந்துக்குப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? டீயைக் குடித்தேன். டம்ளரை வைத்தேன். சைக்கிளை எடுத்தேன். திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம், சாப்பிடாமல் வந்துவிட்டேன் என்றும் சேர்த்துச் சொல்லலாம், அவனுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் நான் அதிகமாக வெறுத்தது அந்த டீக்கடையில் நின்ற என்னைத்தான்.

சனிக்கிழமை பதினொன்றரைக்குக் கம்பெனிக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மேனேஜர், இன்னும் நான்கு அதிகாரிகள், பிரெஞ்சுக்காரர், நான். படம் எடுக்க ஒரு போட்டோக்காரர். ஓட்டலுக்குள் நுழைந்ததும் காலுக்கடியில் கம்பளம் மெத்தென்று அமுங்கியது. என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கவில்லை. ஒரு ஆள் நாற்காலியை இழுத்துப் பிடித்தார். எனக்காகத்தான் என்று தெரியாமல் நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இழுத்த நாற்காலியைத் திரும்பத் தள்ளி வைத்தார்.

மேஜையில் பால் மாதிரி வெள்ளை விரிப்பு. ஒவ்வொருவர் முன்னாலும் பெரிய பீங்கான் தட்டு ஒன்று காலியாக இருந்தது. அதன் இரண்டு பக்கமும் கத்தியும் முள்ளும் கரண்டியும் எங்கள் டூல் ரூமில் அடுக்கி வைத்த மாதிரி அளவு பிசகாமல் இருந்தன. பிரெஞ்சுக்காரர் எனக்கு எதிரே உட்கார்ந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. வாசிக்கிறவர்களைப் பார்த்துத் தலையசைத்தார், மெல்லப் பாடினார். நாலு மாதம் கழித்து அவர் ஊர்ப் பாட்டு காதில் விழுகிறது. மனுஷன் கரைந்துபோய் இருந்தார்.

நான் என் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு இருபத்தைந்து. இப்போது மிஷினை நிறுத்திக் கை கழுவிக்கொண்டிருப்பார்கள். இருபத்தெட்டு. வரிசையாக உட்காருவார்கள். என் இடம் காலியாக இருக்கும். அவன் டீக்கடையில் நிற்பான்.

பன்னிரண்டரை ஆனதும் எனக்குள் சங்கு ஊதிவிட்டது. என் கை தானாகப் போய் அந்தப் பீங்கான் தட்டைத் தூக்கிக் கவிழ்த்தது.

திட்டம் போட்டுச் செய்தேன் என்று சொன்னால் பெருமையாக இருக்கும். அப்படி இல்லை. அஞ்சு நாள் பழக்கம், கை செய்துவிட்டது. ஆனால் செய்த பிறகு எனக்கு ஒரு நிம்மதி வந்தது. பேசத் தெரியாதவன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். சத்தம்தான் வரவில்லை. விரிப்பு அவ்வளவு தடிமன்.

மேனேஜர் பார்த்தார். அவர் முகம் ஒரு கணம் இறுகியது. அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் அறை கேன்டீனுக்கு மேலேதான். தினமும் அந்தச் சத்தத்தைக் கேட்டவர் அவர்.

அதற்குள் பிரெஞ்சுக்காரர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். என் தட்டின் அடிப்பக்கத்தைக் காட்டி என்னவோ சொன்னார். அங்கே நீல மையில் சின்னதாக ஒரு முத்திரை, அதைச் சுற்றி எழுத்துகள். அவருடைய இங்கிலீஷ் புரிந்த ஒரு அதிகாரி எனக்குச் சொன்னார்:

“அவர் ஊருக்குப் பக்கத்துல செய்யற தட்டாம்பா. உள்ள வந்து இவ்வளவு நேரமாகியும் அவருக்கே திருப்பிப் பாக்கத் தோணலையாம். உனக்குத் தோணிச்சே, அதான். நான் சொல்லிக்கொடுத்த வேலை எப்படிப் பதிஞ்சிருக்கு பாருங்கன்னு உன்னப் பெருமையா சொல்றார்.”

பிரெஞ்சுக்காரர் தன் தட்டைத் திருப்பினார். முத்திரையில் விரலை வைத்துக் காட்டினார். பிறகு பக்கத்தில் இருந்த அதிகாரியைத் திருப்பச் சொன்னார். அவர் திருப்பினார். அடுத்தவர் திருப்பினார். எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் மேனேஜர், என்னைப் பார்த்துக்கொண்டே, நிதானமாகத் தன் தட்டைக் கவிழ்த்தார். அவரும் சிரித்தார். போட்டோக்காரரைக் கையசைத்துக் கூப்பிட்டு, “இத எடுங்க” என்றார்.

பிரெஞ்சுக்காரர் வந்து என் தோளில் கை போட்டார். விளக்கு பளிச்சென்றது. என் முகம் அந்தப் படத்தில் சிரித்த மாதிரிதான் விழுந்திருக்கிறது. பயத்தில் எனக்குப் பல் தெரியும்.

பரிமாறுகிறவர் வந்து தட்டுகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அதுவும் அப்போதுதான் தெரிந்தது. அந்தத் தட்டில் யாரும் சாப்பிடுவதே இல்லையாம், அழகுக்கு வைப்பதாம்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மேலே பாலாடை உருகி மூடிய வெங்காய சூப். வெள்ளைக் குழம்பில் மீன். கருஞ்சிவப்பாகக் கோழி. என் முன்னால் வைப்பார்கள். ஆறும். எடுத்துக்கொண்டு போவார்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பிரெஞ்சுக்காரர் சைகையில் ஏன் என்று கேட்டார். வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். வீட்டில் என் மனைவி சொல்லச் சொன்ன வயிற்று வலியை அங்கே போய்ச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. வாசிக்கிறவர்களைப் பார்த்துக் கையசைத்து, என்னைக் காட்டினார்.

வயலின்காரர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டு வாசிக்க ஆரம்பித்தார். கறுப்புக் கோட்டு, கழுத்தில் வில் மாதிரி ஒரு முடிச்சு. கச்சேரிகளில் உட்கார்ந்து வாசிப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். இவர் தாடைக்கடியில் வயலினை இடுக்கிக்கொண்டு என் காதுக்குப் பக்கத்திலேயே வாசித்தார். சோகமான பாட்டு. எல்லா மேஜையும் என்னைப் பார்த்தது. எனக்குப் பூமி பிளந்தால் தேவலாம் என்று இருந்தது. ஒரு பாட்டு முடிந்தது. அவர் போகவில்லை. இன்னொன்றை ஆரம்பித்தார். நடுவில், வில்லை இழுத்துக்கொண்டே, உதடு அசையாமல் சொன்னார்:

“நைனா, எதனா ஒரு வாய் துன்னு நைனா. நீ சிரிச்சாதான் நான் அடுத்த டேபிளுக்குப் போவ முடியும். ஓட்டல் கேப்டன் பாத்துகினே கீறாரு. காத்தாலேர்ந்து நின்னுகினு கீறேன், காலு வுட்டுப்போச்சி.”

அவரும் ஒரு தொழிலாளிதானே என்று தோன்றியது. ரொட்டிக்கூடையிலிருந்து ஒரு துண்டை எடுத்தேன். வெண்ணெய் தடவாமல் வாயில் போட்டு, சிரித்தேன். எதிரே பிரெஞ்சுக்காரர் கைதட்டினார். வயலின்காரர் குனிந்து வணங்கிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். ரொட்டியைத் தண்ணீர் குடித்து இறக்கினேன்.

திங்கட்கிழமை காலையில் டைம் ஆபீசுக்கு வெளியே இருக்கும் நோட்டீஸ் போர்டில் அந்தப் படம் மாட்டியிருந்தது. கம்பெனியில் விருந்துப் படத்தை அங்கே மாட்டும் வழக்கமே கிடையாது. வெள்ளை மேஜையைச் சுற்றி அதிகாரிகள், எல்லோர் முன்னாலும் கவிழ்த்த தட்டு, எல்லோரும் சிரிக்கிறார்கள். நடுவில் நான், பல் தெரிய. பின்னால் வாத்தியங்களோடு அந்த மூன்று பேர். படத்துக்குக் கீழே ஒரு எழுத்தும் இல்லை. தேவையும் இல்லை.

கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்: “நம்ம தட்டக் கவுக்குறத அங்க போயி நடிச்சிக் காட்டிக்கிறான் பாரு. பிரெஞ்சு சாப்பாடு துன்ற வாய்க்கு அது ஒரு கூத்து.”

யார் சொன்னது என்று திரும்பிப் பார்க்கும் தைரியம் எனக்கில்லை. அன்றைக்குக் கேன்டீனில் நான் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து எல்லோரும் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். ஒற்றை ஆளாக என் தட்டைக் கவிழ்த்தேன். யாரோ சிரித்தார்கள்.

சாயந்திரம் டீக்கடையில் அவன் நின்றிருந்தான். படத்தைப் பற்றி அதற்குள் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

“சனிக்கெழம ஒரு தட்டு கொறஞ்சிது மச்சான்” என்றான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “எனுக்குத் தெரிஞ்சிது. ஒடம்பு கிடம்பு சரியில்லியோன்னு நெனச்சேன். ஞாயித்துக்கெழம உன் ஊட்டாண்ட வரலாம்னுகூட இருந்தேன்.”

நான் சைக்கிளை ஸ்டாண்டு போட்டேன்.

“தட்டக் கவுத்தியா அங்க?”

தலை ஆடியது.

“யாருக்குக் கவுத்த? அவுனுங்க சிரிக்கிறதுக்கா?”

உனக்காகத்தான் என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை நெஞ்சு வரை வந்தது. அதைச் சொன்னால் முத்திரையைச் சொல்ல வேண்டும், சாணைக்கல்லைச் சொல்ல வேண்டும். என் காதுக்கே அது அப்போது பொய் மாதிரி இருந்தது.

“சரி, வுடு. துன்னியா? மெய்யச் சொல்லு.”

“ஒரு துண்டு ரொட்டி.”

அவன் சிரித்தான். டீக்கடைக்காரரைப் பார்த்து, “கேட்டுக்கினியா? ஒரு துண்டாம். மூணு பேரு பாட்டு வாசிச்சி ஊட்டிவுட்டானுங்களாம், இவன் ஒரே ஒரு துண்டு துன்னானாம்” என்றான். பிறகு என் பக்கம் திரும்பவில்லை.

துன்னவே இல்லை என்று சொல்லியிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பானோ என்னவோ. உண்மையைச் சொன்னதால்தான் நம்பவில்லை. அன்றைக்கு அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை கேன்டீனில் பாதித் தட்டுகள் நிமிர்ந்திருந்தன. ‘அவனே அங்க போய்த் துன்னுட்டான், நாம ஏன் காயணும்’ என்று பேசிக்கொண்டார்கள். ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்த போராட்டம்தான். தினமும் சோறு கட்டிக்கொண்டு வர வீட்டில் முணுமுணுப்பு, சங்கத்துக்குள்ளேயே இரண்டு கட்சி. ஆனால் விடுவதற்கு எல்லோருக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது. அது நோட்டீஸ் போர்டில் மாட்டியிருந்தது. புதன்கிழமை லேபர் ஆபீசில் கம்பெனிக்காரர்கள், ‘எங்கள் ஆட்கள் எல்லோரும் கேன்டீனில் சாப்பிடுகிறார்கள், இவர் ஒருவருக்குத்தான் புழு தெரிந்தது’ என்று சொன்னார்களாம். மூன்று மாதம் விசாரணை நடத்தி அவனை வேலையை விட்டு நீக்கினார்கள். அதே புதன்கிழமை மத்தியானம் கேன்டீனில் பிரியாணி போட்டார்கள். முந்நூறு பேரும் சாப்பிட்டார்கள். நான் சாப்பிடவில்லை. இன்றுவரைக்கும் அந்தக் கேன்டீனில் ஒரு பருக்கை சாப்பிட்டதில்லை, வீட்டுச் சோறுதான். அதை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. பிரியாணி சாப்பிட்ட முந்நூறு பேருக்கும் என் ரொட்டித் துண்டு மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நாலைந்து மாதம் கழித்து எனக்கு ஒரு பார்சல் வந்தது, கம்பெனி விலாசத்துக்கு. பிரான்சிலிருந்து. டைம் ஆபீசிலேயே பிரிக்கச் சொன்னார்கள். வைக்கோலுக்கும் காகிதத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. அடியில் அதே நீல முத்திரை. கூடவே ஒரு சின்னச் சீட்டில் பிரெஞ்சுக்காரர் கையால் ஒரு தட்டு, அதைத் திருப்பும் ஒரு கை, பக்கத்தில் சிரிக்கும் முகம் என்று வரைந்திருந்தார். எனக்குத் தட்டுகள் மேல் ஆசை என்று பாவம் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்ததும் எனக்குப் புத்தி வந்த மாதிரி இருந்தது. இதோ சாட்சி. நான் கவிழ்த்தேன், அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டார். அதனால்தானே இதை அனுப்பியிருக்கிறார்? இதைக் காட்டிச் சொன்னால் அவனுக்குப் புரியாமல் போகாது.

ஞாயிற்றுக்கிழமை காலை தட்டைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு கள்ளிக்குப்பம் போனேன். அவன் அப்போது பூந்தமல்லிப் பக்கம் ஒரு சின்ன லேத்துப் பட்டறையில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். கை முழுக்கக் கறை. என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

“வாங்க சார். உக்காருங்க.”

அவன் என்னைத் திட்டியிருக்கலாம். உட்கார்ந்தேன். அவன் மனைவி உள்ளிருந்து எட்டிப் பார்த்து, “வாண்ணே, அண்ணி நல்லாகீதா?” என்று கேட்டாள். அடுப்பில் வடை வெந்துகொண்டிருந்தது.

தட்டைப் பிரித்து அவன் கையில் கொடுத்தேன். பிறகு பேசினேன். பிறந்ததிலிருந்து நான் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. கடிகாரத்தைப் பார்த்தது, கை தானாகப் போனது, முத்திரை, சாணைக்கல், மேனேஜர் கடைசியாகக் கவிழ்த்தது, வயலின்காரர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். முன்னுக்குப் பின் மாறி மாறி வந்தது. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். தட்டைத் திருப்பி முத்திரையைப் பார்த்தான். விளிம்பில் கட்டைவிரலை ஓட்டி, பிசிறு இருக்கிறதா என்று பார்த்தான். தொழில் தெரிந்தவன் பார்க்கும் பார்வை.

“நல்ல சாமான்” என்றான்.

நான் காத்திருந்தேன்.

“கம்பெனிக்கு ஒழச்சவங்களுக்கு இப்டி எதனா அனுப்புவாங்க போல. எனுக்கு ஒரு காயிதம்தான் வந்துது. இத்தக் காட்டத்தான் வந்தீங்களா சார்?”

அதற்குள் அவன் மனைவி வந்து, தட்டைக் கையில் வாங்கிப் பார்த்து, “எவ்ளோ வெள்ளையா கீது” என்றாள். பார்த்துக்கொண்டே உள்ளே கொண்டு போய், பழக்கத்தில், சூடாக நாலு வடையை வைத்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினாள். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தராத கை அது.

அவன் எழுந்தான். வடைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவள் கையிலேயே வைத்தான். தோளில் கிடந்த துண்டால் தட்டைத் துடைத்தான். எண்ணெய் போகும் வரை நன்றாகத் துடைத்தான்.

“வெறுந்தட்டாவே எடுத்துக்கினு போங்க சார்.”

“இன்னாய்யா இது” என்று அவள் ஆரம்பித்தாள். அவன் அவளைப் பார்த்தான். அவள் உள்ளே போய்விட்டாள்.

செய்தித்தாளில் திரும்பச் சுற்றிக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்கு வந்தேன். என் மனைவி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். பொட்டலத்தை வாங்கிப் பிரித்தாள். தட்டை ஒரு பக்கம் பார்த்தாள், திருப்பி மறுபக்கம் பார்த்தாள், காகிதத்தை உதறிப் பார்த்தாள்.

“ஒண்ணுமே வெச்சிக் குடுக்கலியா?” என்று கேட்டாள்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.